மஞ்சள் கோட்டுக்குள் ஒரு காலியிடம்

காலை 8.40. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தன் கடையின் ஷட்டரைத் தூக்கிய அரிகிருஷ்ணன் கத்தினார். சுவரில் ஓர் இடம் காலியாக இருந்தது. மைக்ரோமீட்டரைக் காணோம்.

செம்புக் கம்பியின் பருமனை அளக்கும் கருவி அது. அளவு தப்பினால் மோட்டார் திரும்பவும் எரியும். வல்லத்திலிருந்து வந்த மூன்று மோட்டார்கள் தரையில் கிடந்தன. அங்கே தண்ணீர் இறைக்க வழியில்லாமல் நெல் வாடிக்கொண்டிருந்தது.

பூட்டு உடையவில்லை. ஒரு சாவி அரிகிருஷ்ணனிடம், இன்னொன்று இருபது வருடமாக அவரிடம் வேலை செய்யும் இளையபெருமாளிடம். கடைத்தெருவுக்கு வேறென்ன வேண்டும்? ஒன்பது மணிக்குள் திருடன் யாரென்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

9.30. தலைமைக் காவலர் சாமுண்டீஸ்வரி வந்தார். இளையபெருமாள் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"நேத்து கடைய பூட்டுனது யாரு?"

"மொதலாளிதான் மேடம். நான் ஆறு மணி பஸ்ல தொண்டூர் போயிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"பஸ்ல இருந்தவங்கதான். அவங்கள எங்க போயி தேடுறது?"

சாமுண்டீஸ்வரி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து அசந்துபோனார். காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஒன்றுகூட இல்லை. சைக்கிள் டியூப்பை வெட்டிப் பலகையில் ஆணியடித்த வளையங்களில் ஸ்க்ரூ டிரைவர்கள். பைப் துண்டுகளில் அரங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிய நட்டுகள். ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் மஞ்சள் பெயிண்டில் அதன் உருவம். எதை எடுத்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எதற்கும் பெயர் எழுதவில்லை. கீழ்வரிசையில் மட்டும் நான்கு ஆயில் டப்பாக்களை வெட்டி மாட்டி, சிவப்புப் பெயிண்டில் புதிதாக எழுதியிருந்தது: சாவி, போன், மாத்திரை, கண்ணாடி.

அரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உக்காருங்க மேடம். டீ சாப்டுறீங்களா?"

அவர் மகள் கலைவாணி டீ கொண்டுவந்தாள். "நைனாவுக்கு டென்ஷன் ஆவாது மேடம். விட்டுடுங்க, வேற வாங்கிக்கிறோம்."

"அப்ப இளையபெருமாளு பேரு?"

கலைவாணி டீத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மேடம், டீ சாப்டுறீங்களா?" என்றார் அரிகிருஷ்ணன். சாமுண்டீஸ்வரி கையில் டம்ளரோடுதான் உட்கார்ந்திருந்தார்.

10.05. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கண்ணாடி என்று எழுதிய டப்பாவில் திணித்திருந்த, எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை இழுத்தார். உள்ளே மைக்ரோமீட்டர் இருந்தது.

"இத இங்க வெச்சது நீங்கதான் ஐயா. காலியா இருக்குற எடத்தையே எல்லாரும் பாத்தோம். காலியா இருக்கவேண்டிய எடம் நெறஞ்சி இருக்குது, அத யாருமே பாக்கல. கண்ணாடி உங்க மூக்குல இருக்குது. அப்ப டப்பாவுல இன்னா இருக்குது?" கலைவாணியிடம் திரும்பினார். "ஸ்பேனருக்குப் பேரு இல்ல, கண்ணாடிக்கு இருக்குது. எழுதுனது நீதானம்மா?"

கலைவாணி உடைந்து அழுதாள். "மூணு மாசமா எல்லாத்தையும் மறக்குறாரு மேடம். வெளிய தெரிஞ்சா யாரு மோட்டார் குடுப்பாங்க? இது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல. ஆனா இளையபெருமாளு அண்ணன் எடுக்கலன்னு தெரியும்."

தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டாமல், சாமுண்டீஸ்வரி மைக்ரோமீட்டரை அவள் கையில் கொடுத்தார்.

அரிகிருஷ்ணன் தள்ளாடி வெளியே போய், கூட்டத்தின் முன்னால் இளையபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுடா. மன்னிச்சுக்கடா." இளையபெருமாள் தேம்பினார். கூட்டம் கலைந்தது.

10.40. மைக்ரோமீட்டரை மஞ்சள் கோட்டுக்குள் மாட்டிவிட்டு இளையபெருமாள் திரும்பினார். சாமுண்டீஸ்வரி கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், டீ சாப்டுறீங்களா?" என்றார் அரிகிருஷ்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மைக்ரோமீட்டர எடுத்தவன புடிச்சீங்களா? இளையபெருமாளுதான். இன்னொரு சாவி அவன்கிட்டதான் இருக்குது."

சாமுண்டீஸ்வரிக்கு எல்லாம் தெரிந்திருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இளையபெருமாள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, சாவி என்று எழுதிய டப்பாவில் போட்டார்.

"கலை, இனிமே கடைய நீயே தொறம்மா" என்று சொல்லிவிட்டு, வல்லத்து மோட்டாரைப் பிரிக்க உட்கார்ந்தார்.