பங்குக் கிணறு

வாளி நிறையத் தண்ணீர் வந்தது. நாகேஸ்வரிக்கு அதுதான் பிடிபடவில்லை. வவுனியா நகரத்தில் ஆளாளுக்குக் குழாய்க்கிணறு இறக்கியதில் அந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளின் கிணறுகள் எல்லாம் வற்றி மூன்று கிழமை. பவுசர் லொறியில் வருகிற தண்ணீரோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. முந்தாநாள் வரை அவளுடைய வாளியும் சேற்றைச் சுரண்டிக்கொண்டுதான் மேலே வந்தது.

அது பங்குக் கிணறு. காணிகள் துண்டு துண்டாகியபோது எல்லை மதில் கிணற்றின் நடுவாலேயே போனது. பாதி வாய் இந்தப் பக்கம், பாதி அனோஜா வீட்டுப் பக்கம். கோடையில் முறை வைத்து அள்ளுவார்கள். காலை இவளுக்கு, மத்தியானம் அவர்களுக்கு. அனோஜா குடும்பம் மாற்றலாகி மன்னாருக்குப் போனபின் மத்தியானத்தையும் இவளே எடுத்துக்கொண்டாள். கேட்க யார் இருக்கிறார்கள்? அவளோடு கதைக்கவே யாரும் இல்லை. தண்ணீர் முடிந்தால் மகன் நிரோஜன் கொழும்புக்குக் கூட்டிப் போய்விடுவான், பதினோராம் மாடியில் ஓர் அறைக்கு. கணவர் கட்டிய வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஆகவே தண்ணீர் வருவதை யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். வெயிலுக்குப் பயந்து எல்லா வீடும் கதவைச் சாத்தியிருக்க, கப்பியின் கிறீச்சொலியும், சூட்டில் தகரக் கூரை முறுகுகிற சத்தமும், ஈரமண்ணும் நெடுநாள் தோய்க்காத துணியும் கலந்ததுபோன்ற ஒரு வாடையும் தவிர அந்த முற்றத்தில் அவளுக்குத் துணையாக எதுவும் இருக்கவில்லை. வாளி கீழே போனது. தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கயிறு கனத்தது. பிறகு இரண்டு தரம் மெல்ல அசைந்தது. தூக்கு என்பதுபோல.

கயிற்றைக் கட்டிவிட்டு அனோஜாவுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, உங்கட வீட்டில ஆரும் வந்து நிக்கினமோ?”

“இல்லையே அன்ரி. வீட்டுத் திறப்பு உங்களிட்டத்தானே கிடக்கு?”

“ஓம். ஓம். சும்மாதான் கேட்டனான்.”

சூரியன் உச்சிக்கு நேரே நின்றது. வெளிச்சம் அடிவரை இறங்கியது. அவள் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு மறுபடி இறக்கினாள். எட்டிப் பார்த்தாள்.

அடி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. நடுவில் அவளுடைய வாளி.

மதிலுக்கு நேர் கீழே, அனோஜா பக்கத்துப் பாதியின் இருட்டுக்குள்ளிருந்து, இரண்டு கைகள் வந்தன. குவித்த கைகள். வாளியில் தண்ணீர் ஊற்றின. போயின. வேறு இரண்டு கைகள். பிறகு ஒரு சின்னப்பிள்ளையின் கைகள்.

மூன்று நாளாக அதைக் குடித்தவள். ஓட நினைத்தாள். கயிறு கையிலேயே இருந்தது.

வாளி நிறைந்தது. கயிறு அசைந்தது. அவள் தூக்கவில்லை.

கைகள் நின்றன.

ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வந்தார்கள். தோளோடு தோள். அடி தெரியாத நெருக்கம். எல்லா முகமும் அண்ணாந்து.

ஒரு பெண் கிணற்றுச் சுவரின் கல்லில் கால் வைத்தாள். அடுத்த கல். அடுத்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

“அன்ரி,” என்றாள், மிகவும் மரியாதையாக. “இப்ப எங்கட முறை. கையைக் கொஞ்சம் தாங்கோ.”

நாகேஸ்வரியின் கை, அவளைக் கேளாமலே, கீழே நீண்டது. ஈர விரல்கள் ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடங்கின.