எண் போடாத ஓடு

மூன்றாம் ட்ரேயில் நாற்பத்தோரு ஓடுகள் இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருந்தன.

சுபாஷினி மறுபடியும் இடமிருந்து வலமாக, பென்சில் முனையால் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டு. போன ஞாயிறு கழுவி, பழைய பேப்பரில் பரப்பி, வெயில் படாமல் உலரவிட்ட பானை ஓடுகள் அவை. ஒரு வாரத்தில் நன்றாகக் காய்ந்து, பென்சில் பட்டால் ‘டிங்’ என்றன. கடைசி வரிசையின் ஓரத்தில் இருந்தது மட்டும் எந்தச் சத்தமும் தரவில்லை. அதன் அடியில் பேப்பர் நனைந்து அச்செழுத்துகள் கலங்கியிருந்தன.

"என்ன சுபா, எண்ணிக்கை சரியா இருக்குதா?" ராஜ்மோகன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"சரியா இருக்குது சார். நாப்பத்தொன்னு."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கை அதற்குள் அந்த ஈர ஓட்டைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டிருந்தது.

ராஜ்மோகன் ரயில்வே ஜங்ஷனில் பார்சல் பிரிவில் இருப்பவர். சீட்டு ஒட்டாத மூட்டையை எந்த வண்டியிலும் ஏற்ற விடாதவர். ஊரின் தொல்லியல் ஆர்வலர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மூடிக் கிடக்கும் ஒரு செராமிக் கடையின் பின்னறையில் மன்றம் நடந்தது. முதல் நாளே அங்கே ஒரு விதி சொன்னார். "நம்பர் போடாத எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போவக்கூடாது. ஒரு சில்லுகூட. புரியுதா?" கழுவி, உலர்த்தி, ஓட்டின் உள்பக்கம் ஒரு துளி நெயில் பாலிஷ் தடவி, அதன்மேல் கறுப்பு மையில் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. பூச்சுக்கு மேல் பூச்சு இருந்தால்தான் எண் நூறு வருஷம் நிற்குமாம். ஒவ்வொரு ட்ரேயிலும் கழுவியவர் பெயரோடு ஒரு அட்டை. மூன்றாம் ட்ரேயில் அவள் பெயர்.

கருவேப்பிலங்குறிச்சியில் பச்சமுத்து என்பவர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த முதுமக்கள் தாழியின் ஓடுகள் அவை. கடப்பாரை பட்டுக் கழுத்துப் பகுதி நொறுங்கிவிட்டது. இடுப்பளவு உயரமுள்ள அடிப்பகுதி மட்டும் முழுசாக, அறை மூலையில் மணல் குவியலில் செருகி நின்றது. பச்சமுத்து அன்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "வாய மூடி வச்ச தாழிங்க. தெறந்தா உள்ள ஒரு எலும்புகூட இல்ல. காலியா எதுக்குங்க பொதைப்பாங்க?"

வரும் திங்கட்கிழமை தொல்லியல் துறை அலுவலர் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போவார். அடுத்து நடக்கப்போகும் அகழாய்வில் ஓடுகளைப் பதிவு செய்யும் வேலைக்கு சுபாஷினியின் பெயரைச் சொல்வதாக ராஜ்மோகன் வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு வருஷமாகச் செராமிக் யூனிட்டில் பொம்மைகளின் ஓரம் தேய்த்துத் தேய்த்து, இரவெல்லாம் இருமிக்கொண்டிருப்பவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் அந்தத் தவற்றை அவள் மறைத்தாள்.

போன ஞாயிறு, வாய்ப்பகுதி ஓடு ஒன்று கழுவும்போது கையில் இரண்டாகப் போனது. மற்றவர்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். அவள் கை யோசிக்கவில்லை. சுடாத பொம்மையில் காது உடைந்தால் யூனிட்டில் என்ன செய்வாளோ அதையே செய்தது. சாப்பாட்டுப் பையில் கிடந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து, அதில் ஊறியிருந்த களிமண் கூழை உடைந்த விளிம்பில் தடவி, பொம்மை ஓரம் சீவும் ஃபினிஷிங் கத்தி கிழித்த தழும்புள்ள கட்டைவிரலால் ஒரு அழுத்து. இரண்டும் ஒட்டிக்கொண்டன. பழைய மண்ணில் புது மண் சேரக்கூடாது என்பது இந்த வேலையில் அரிச்சுவடி. நினைவு வந்தபோது கூழ் காய்ந்துவிட்டது. வாசல் குழாயடியில் பிரபா பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

பார்த்தாளா?

கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிரபா நர்சரி ஸ்கூல் டீச்சர். வாய்த்துடுக்கு அதிகம். அன்று மாலை கிளம்பும்போது, "உன் கை பட்டா ஒடஞ்சதுகூட ஒட்டிக்கும் போலருக்குடி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை சுபாஷினி ஒரு வாரமாக மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பட்டாவில் மறைத்ததை வீட்டுக்குப் போகும் வழியில் விரித்தாள். சாம்பல் நிற ஈரக் களிமண். சுடாதது. அவள் யூனிட்டின் மண்ணேதான், வாசனையே சொன்னது. உள்வளைவில் ஒரு விரல் பதிவு. பிரபாதான். வேறு யார்? கிண்டல் பண்ணுகிறாள், இல்லை, திங்கட்கிழமை மாட்டிவிடப் பார்க்கிறாள். இந்த மண் யாரிடம் இருக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். ரோட்டோரச் சாக்கடையில் வீசிவிட்டு நடந்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து அறையைத் திறந்தபோது அது ட்ரேயில் இருந்தது. சாக்கடைக் கறுப்பு ஒட்டியபடி. பக்கத்தில் இன்னும் இரண்டு.

அறைக்கு மூன்று சாவிகள். ராஜ்மோகனிடம் ஒன்று, பிரபாவிடம் ஒன்று, இவளிடம் ஒன்று. செவ்வாய்க்கிழமை ஐந்து துண்டுகள். புதன்கிழமை யூனிட்டிலிருந்து ஒரு பொட்டலம் வெள்ளை மண்மாவு கொண்டுவந்து, நிலைப்படியிலிருந்து இரண்டு முழத்துக்குத் தரையில் சலித்துத் தூவி, பூட்டிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

மாவு கலையவில்லை. ஒரு எறும்பு போன தடம்கூட இல்லை.

ட்ரேயில் ஒன்பது துண்டுகள். மூலையில் தாழியைச் சுற்றி மணல் மட்டும் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது, கனமான ஏதோ அதற்குள் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி.

எலியாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். ஒரு துண்டை எடுத்துத் தாழியின் உடைந்த விளிம்பில் வைத்துப் பார்த்தாள். ஏன் வைத்தாள்? கை வைத்தது. அளந்து செய்ததுபோல் பொருந்தியது. அப்போதுதான் விரல் பதிவைச் சரியாகக் கவனித்தாள். பெரிய பானை வனைகிறவர்கள் வாய்வழியாகக் கையை உள்ளே விடுவார்கள். பதியும் விரல்நுனிகள் கீழே பார்க்கும். இதில் விரல்நுனி மேலே பார்த்தது.

உள்ளே குந்தியிருக்கும் ஒருவர் மேல்நோக்கித் தடவினால்தான் அப்படி விழும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூனிட் வாசலிலேயே பிரபாவைப் பிடித்தாள்.

"எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க? நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"என்னத்தடி பண்ணேன்?"

"அன்னிக்கு நான் ஒட்டுனதப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். அதுக்கு இப்ப என்னா?" பிரபா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. "நான் யார்கிட்டயும் சொல்லலியே. தெனம் ஸ்கூல் வுட்டதும் சேத்தியாத்தோப்புக்கு ஓடுறேன், அக்கா வூட்டுக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல். சாவியக்கூட ஞாயித்துக்கெழமையே சார்கிட்ட குடுத்துட்டேன். எதுனா காணாப்பூடுச்சா?"

"காணாப்போவலக்கா. கூடிக்கினே போவுது."

பிரபா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு நாலு மணிக்கு நான் வரேன். சாரையும் கூட்டியாறேன். உள்ளதச் சொல்லிடு. திட்டுவாரு, திட்டட்டும்."

சொன்னால் வேலை போகும். துண்டுகள் இல்லையென்றால் சொல்வதற்கே ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மூன்றரைக்கே கிளம்பினாள். எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் கரைத்துவிட வேண்டும். ஒட்டிய வாய் ஓட்டையும் சேர்த்து.

வெயில் தார்ரோட்டில் நெளிந்தது. தொலைவில் ஜங்ஷனில் சரக்கு ரயில் ஒன்று முக்கிக்கொண்டு நின்றது. பூட்டைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. யூனிட்டின் ஈரக் கிடங்கு வாசனை. வியாழக்கிழமை போகும்போது மறுபடி தூவிய மாவு தரையில் வழவழவென்று அப்படியே கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் ட்ரே காலி. நாற்பத்தொன்றும் இல்லை. ஒன்பதும் இல்லை. ஒட்டிய வாய் ஓடு மட்டும் நடுவில் இருந்தது.

தாழி முழுசாக நின்றது.

சிவப்பு ஓடுகளுக்கு இடையில் சாம்பல் மண் நரம்பு மாதிரி ஓடி எல்லாவற்றையும் பிடித்திருந்தது. வாயில் ஒரே ஒரு இடம் திறந்திருந்தது. உள்ளங்கை அகலம். அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடி தெரிந்தது. காலி.

மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் தாழியின் வயிற்றில் சாம்பல் மண் புடைத்தது. உள்ளிருந்து வெளியே. முதலில் ஒரு விரல். பிறகு நான்கு. மெதுவாக, ஓரம் தேய்க்கிறவள் தேய்ப்பதுபோல் நிதானமாக, மேல்நோக்கி.

பின்னால் காற்று இல்லாமலே கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். அசையவில்லை. வெளியே ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம். ராஜ்மோகனின் செருமல். பிறகு பிரபாவின் குரல்.

"சுபா! வந்துட்டியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தாழிக்குள்ளிருந்து வந்தது. அவள் குரல். அவள் இருமலோடு.

"வந்துட்டேங்க்கா. இதோ வரேன்."

திறந்திருந்த இடத்தில் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. கட்டைவிரலில் ஃபினிஷிங் கத்தி கிழித்த பழைய தழும்பு. அதே இடம். அதே நீளம். நகத்தின்மேல் நெயில் பாலிஷ் பளபளத்தது. பூச்சுக்கு மேல் பூச்சு. நடுவில் கறுப்பு மையில், அவள் கையெழுத்தில், அழகாக: 42.

சுபாஷினி தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

அதில் எண் இல்லை.