கண்ணாடி மூலையில் இருந்த காகிதம்

மூன்றாவது மாடிக்கு ஏறி முடித்ததும் என் மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லிஃப்ட் இல்லாத இடத்துல ஸ்டூடியோ வச்சா எவன்டா வருவான்?” என்றாள் தன் தம்பியிடம்.

“அழகா இருக்கறவங்க எப்படியும் வந்துடுவாங்க. நீ எப்படி வந்தேன்னுதான் தெரியல.”

கைப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தபோதுதான் அந்தக் கேமரா என் கண்ணில் பட்டது.

பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், மரக்கால்களின் மேல், சின்ன அலமாரி அளவுக்கு நின்றது. முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல். மச்சான் அந்த அறையை வாடகைக்கு எடுத்தபோதே அது அங்கே இருந்தது. முன்பு இருந்த ஃபோட்டோக்காரர் அதை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாமல் விட்டிருப்பார் என்றார் கட்டடச் சொந்தக்காரர். நாங்களும் நம்பினோம்.

என் மனைவிக்கு இடது தாடை எலும்பில் கட்டி. வெளியே பார்த்தால் தெரியாது. பல்வலி என்று போன இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் தாடையில் பாதியை எடுத்தாக வேண்டும், முகம் பழையபடி இருக்காது, அந்தப் பக்கம் இனி உணர்ச்சியும் இருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி முன் நின்றாள்.

“இந்த மூஞ்சியோட ஒரே ஒரு நல்ல படம் வேணும். செல்ஃபோன்ல எடுத்து எல்லாருக்கும் அனுப்பற மாதிரி இல்ல. செவத்துல மாட்டற மாதிரி.”

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தது.

கேமராவைத் தயார் செய்யும் வேலையை மச்சான் ஏற்கெனவே தொடங்கியிருந்தான். மரை தேய்ந்த திருகுகளுக்குப் பதில் கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடமிருந்து வேறு வாங்கிப் போட்டான். பல் மழுங்கிய சக்கரத்தை மாற்றினான். தளர்ந்துபோன ஸ்பிரிங்குகள், துருப்பிடித்த பிடிப்புகள், திருகினால் சும்மா சுற்றும் குமிழ் என்று கழற்றியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தான். இரும்பு எதையும் தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது.

கண்ணாடியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதன் மூலைகளிலிருந்து கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. மடித்த காகிதத் துண்டுகள் போலிருந்தன.

“எத்தனை வருஷத்து அழுக்கு பாருங்க மாமா” என்று ஊதித் தள்ளினான்.

பிறகு கறுப்புத் துணிக்குள் என் தலையையும் இழுத்துக் காட்டினான். உள்ளே மூக்கை அடைக்கும் பழைய எண்ணெய் வாசனை. யாரோ தலையைச் சாய்த்துச் சாய்த்து ஊறிய தலையணையின் வாசனை. இருட்டில் கண்ணாடி மட்டும் ஒளிர்ந்தது. அதில் என் மனைவி தலைகீழாக உட்கார்ந்திருந்தாள்.

“இதுல கூர்மையா தெரியற வரைக்கும் குமிழைத் திருகணும். அப்புறம் கண்ணாடி இருக்கற இடத்துல ஃபிலிம் தட்டைச் சொருகணும். கண்ணாடில என்ன தெரிஞ்சுதோ அது அப்படியே ஃபிலிம்ல விழும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

முதல் படம் கழுவி வந்தபோது அவள் முகம் இருந்த இடத்தில் மாவு கரைத்த மாதிரி ஒரு வெளுப்பு. அவளுக்குப் பின்னால் தொங்கிய திரையோ நூல் நூலாகத் தெரிந்தது.

“அசைஞ்சிட்டியா அக்கா?”

“சிலை மாதிரி இருந்தேன்டா. மூக்கு அரிச்சுது, அதைக்கூடச் சொறியல.”

அவன் ஸ்பிரிங்கை மாற்றினான். அடுத்த படமும் அப்படியே. சக்கரத்தை மறுபடி கழற்றிப் பூட்டினான். அதற்கடுத்த படமும் அப்படியே. ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் அவள் இமை முடிகூடத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஃபிலிமில் கூர்மை அவளைத் தாண்டி ஒரு கை தூரம் பின்னால் போய் விழுந்தது.

மச்சான் திருகுளியைச் சுவரில் எறிந்தான். “எல்லாம் புதுசு. எல்லாத்தையும் மாத்திட்டேன். இன்னும் என்னதான் வேணுமாம் இந்தச் சனியனுக்கு?”

“என் மேல இருக்கற கோவத்தை அது மேல காட்டாத” என்றாள் அவள். குரலில் விளையாட்டு இருந்தது, முகத்தில் இல்லை. “ஏன்டா, அந்தத் திரைக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கா? கழுத்துகிட்ட சில்லுன்னு வருது.”

திரைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் பத்திரிகையில் பிழை திருத்துபவன். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுவது பழக்கம். அன்று மூன்று படங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன்.

முதல் படத்தில், திரையில் ஒரு பள்ளம். யாரோ சாய்ந்து நின்றால் விழுமே, அந்த மாதிரி.

இரண்டாவது படத்தில் பள்ளம் இல்லை.

மூன்றாவதில், நாற்காலி முதுகின் மேல் நான்கு விரல்கள்.

நகத்தின் பிறைகூடத் தெரிந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

“மாப்ளே, இது யாரு கை?”

அவன் வெகுநேரம் பார்த்தான். “பழைய ஃபிலிமா இருக்கும் மாமா. ஏற்கெனவே யாரையோ எடுத்தது மேல எடுத்திருப்போம்” என்றான். அந்த ஃபிலிம் பெட்டியின் முத்திரையை உடைத்ததே என் முன்னால்தான். நான் படங்களை எடுத்து உள்ளே வைத்தேன். அவளிடம் காட்டவில்லை.

மறுநாள் அவனுக்கு உறைத்தது. “அழுக்கு இல்ல மாமா அது. கண்ணாடி சரியான உயரத்துல உக்காரணும்னு அந்தப் பழைய ஃபோட்டோக்காரன் மூலைக்கு மூலை தாள் வச்சிருக்கான். நான் ஊதி விட்டுட்டேன். கண்ணாடி ஒரு மயிரிழை இறங்கிடுச்சு. அதனாலதான் ஃபோகஸ் பின்னால போகுது.” தலையிலேயே அடித்துக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் நிம்மதி இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது அல்லவா.

காகித உறை ஒன்றைக் கத்தரித்து நான்கு மூலைக்கும் வைத்தான். அளந்து பார்த்தான். மறுபடி அளந்தான். அவள் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை துணிக்குள் என்னையும் பார்க்கச் சொன்னான்.

கண்ணாடி மங்கலாக இருந்தது. விரலால் துடைத்தேன். போகவில்லை.

பனி, கண்ணாடியின் அந்தப் பக்கம் படிந்திருந்தது.

மூடிய பெட்டிக்குள்ளே.

மெல்லச் சுருங்கியது. மறுபடி படிந்தது. மறுபடி சுருங்கியது. யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல.

நான் துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தேன். “என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? அவ்வளவு கேவலமாவா இருக்கேன்?” என்று கேட்டாள். புழுக்கம் என்றேன்.

அந்தப் படத்திலும் அவள் முகம் வெளுப்புதான். கூர்மை முன்னால் வந்திருக்க வேண்டும், கணக்குப்படி. வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்திருந்தது. கையும் அதோடு சேர்ந்து முன்னால் வந்திருந்தது. நாற்காலி முதுகை விட்டு அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றது.

மச்சான் படத்தைக் கிழித்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டோம். இது வேண்டாம், செல்ஃபோனில் எடுத்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “ஒரு வாரமா அதுவும் நானும் மல்லுக்கட்டறோம். நான் விடமாட்டேன்.”

அறைக்குள் மச்சான் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. “பழசு எல்லாத்தையும் திரும்பப் பூட்டறேன். நல்லா பண்றேன்னு தொட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.” தேய்ந்த குமிழ், தளர்ந்த ஸ்பிரிங், மழுங்கிய சக்கரம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குப் போயின. கடைசியாக, கண்ணாடி மூலையில் இருந்த துருப்பிடித்த ஒரு பிடிப்பை எடுத்தவன் அப்படியே நிறுத்தினான்.

அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. உதிர்ந்தவற்றில் தப்பித்தது.

விரித்தான். அது ஒரு புகைப்படத்திலிருந்து கத்தரித்த துண்டு.

அதில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரை.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நகங்களைத் தெரியும்.

“மத்த மூணும்?” என்றேன் மெதுவாக.

“குப்பைக்குப் போயிடுச்சு மாமா.”

“அங்க என்னடா ரகசியம்?” நாற்காலியிலிருந்து அவள் கத்தினாள். “எனக்குப் பசிக்குது. ராத்திரிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் துண்டை மடித்து ஒரு மூலையில் வைத்தான். மற்ற மூன்று மூலைக்கும் காகித உறை. கண்ணாடியைப் பூட்டினான். படம் எடுத்தான்.

இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

படம் அற்புதமாக இருந்தது. இமை முடிகளை எண்ணலாம். உதட்டோரத்து மச்சம், சிரிப்பை அடக்கும்போது இடது கன்னத்தில் விழும் கோடு, எல்லாம் இருந்தன. பின்னால் திரை வெறும் புகை. கை இல்லை.

“பரவால்லடா, தேறிட்ட” என்றாள் அவள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இடது பக்கம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றாள். ஊசியால் குத்தியும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றாள். “நல்லாத்தான் இருந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அதன் பிறகு ஒருநாள் சட்டத்தைத் துடைத்தபோது அவள் இமை முடிகளைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கண்ணாடியில் தூசு என்று நினைத்தேன். துடைத்தேன். ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்துச் சட்டத்தைப் பிரித்தேன். படம் காய்ந்துதான் இருந்தது. அடுத்த வாரம் மச்சம் போய்விட்டது. மச்சான் திருகுளியோடு வந்து சட்டத்தின் ஆணிகளை மாற்றினான். எதை மாற்றுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புதிதாக இன்னொன்று அச்சிட்டுக் கொண்டுவந்தான். அதுவும் அப்படியே மங்கியது.

அவள் முகம் மங்க மங்க, பின்னாலிருந்த புகை தெளிந்தது.

முதலில் ஒரு தோள். அப்புறம் காலர். அப்புறம் ஒரு சட்டைக் கை, மணிக்கட்டோடு நின்றுபோன கை.

நான் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன். அவள் மறுபடி நேராகத் திருப்பி வைத்தாள். “அந்த மூஞ்சியைப் பார்க்கக்கூட விடமாட்டீங்களா?” என்றாள். அவளுக்கு அது மங்கியதாகவே தெரியவில்லை.

இன்று மச்சான் ஃபோன் செய்தான்.

“மாமா, கண்ணாடியைக் கழட்டிட்டேன். அந்தத் தாள் மூலையிலயேதான் இருக்கு. ஆனா வெறும் வெள்ளைத் தாள் மாமா. கை இல்ல.”

அவன் முடிப்பதற்குள் நான் சுவரைப் பார்த்துவிட்டேன்.

மங்கிய அந்த முகத்தின் இடது தாடையை ஓர் உள்ளங்கை மூடியிருந்தது. நகத்தின் பிறைகூடத் தெரிந்தது.

உள் அறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். வாய் இன்னும் சரியாகத் திரும்பாத குரல்.

“என்னங்க, ஜன்னலைச் சாத்துங்க. எடது கன்னத்துல சில்லுன்னு இருக்கு.”