பூவராகனின் விடுப்பு

பணிமூளை எழுதித் தராத வேலையைக் கடலூரில் யாரும் செய்வதில்லை. அது தராத விடுப்பை யாரும் எடுப்பதுமில்லை. கடல்சுவர்த் திட்டத்தின் எல்லா அலுவலகங்களுக்கும் அந்த ஒரே இயந்திரம்தான். அதன் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் பொது ஆள்பட்டியலை மாற்றும் வேலை செண்பகவல்லியிடம் வந்தது. ஆட்கள் முதலில் போக வேண்டும், அவர்களுடைய பணிகள் பின்னால். ஒவ்வொரு பெயருக்கும் புதிய பதிப்பு கேட்டது: இவர் பணியில் இருக்கிறாரா?

பூவராகன் என்ற பெயரில் அவள் விரல் நின்றது.

அப்படி ஒருவன் கிடையாது. யாருக்கும் ஒதுக்க முடியாத வேலைகளைப் போட்டுவைக்கப் பதினொரு வருடங்களுக்கு முன் அவள்தான் அவனை உருவாக்கினாள். பிறகு தாமதமானது, தவறிப்போனது, யாருக்கும் பிடிக்காதது எல்லாம் அவன் தலையில் விழுந்தது. அவன் பிறந்தநாள் என்று ஒரு தேதி வைத்துப் பிரிவில் கேசரிகூடச் சாப்பிட்டார்கள். கேசரி கிண்டியது அவள். அவனுடைய வேலைகளை முடித்ததும் அவள்தான். ஏன் செய்கிறேன் என்று தன்னையே பலமுறை கேட்டிருக்கிறாள். தன் பெயரில் செய்தால் யாராவது நன்றி சொல்வார்களா என்று மனம் காத்திருக்கும். அவன் பெயரில் அந்த வலி இல்லை.

பிரிவுத் தலைவர் அருமைநாதனிடம், அவனை நீக்கிவிடலாமா என்று கேட்டாள்.

"ஏம்மா, அவன எடுத்துட்டா அந்த முந்நூறு வேலையும் நம்ம தலையிலல்ல விழும்? வாயத் தொறக்காத ஒரே ஆளு அவன்தான். இருந்துட்டுப் போறான், வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். இந்த நேரத்தில் வம்பு எதற்கு? ஓசூரில் மகள் நிறைமதிக்கு அடுத்த வாரம் பிரசவம். அலைச்சல் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அவளால் இங்கே வர முடியாது. பிரிவில் மாதத்துக்கு ஒருவருக்குத்தான் நீண்ட விடுப்பு. செண்பகவல்லி விண்ணப்பித்திருந்தாள்.

'ஆம்' என்று அழுத்திக் கையொப்பமிட்டாள்.

மறுநாள் காலை புதிய பதிப்பு இயங்கத் தொடங்கியது. பழையது விண்ணப்பத்தை மட்டும் பார்க்கும். இது ஒவ்வொருவரின் உழைப்பையும் முழுதாகப் படித்தது. நிறைமதி அழைத்தாள்.

"எப்பம்மா கெளம்புற?"

"விடுப்புப் பட்டியல் வரட்டும்டி."

பட்டியல் வந்தது. பதினொரு வருடங்களில் ஒருநாள்கூட ஓய்வெடுக்காத பூவராகனுக்கு இந்த மாத நீண்ட விடுப்பு, கட்டாயமாக முப்பது நாள். அவருடைய பணிகளை நன்கு அறிந்தவர் என்பதால் அதுவரை அவற்றின் பொறுப்பு செண்பகவல்லிக்கு.

மறுத்து எழுதலாம். ஆனால் அவன் இல்லை என்று சொன்னால், நேற்றைய கையொப்பம் பொய்யாகும். பொய்ப் பதிவுக்குப் பணிநீக்கம். அவள் அருமைநாதனைப் பார்த்தாள். அவர் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், பூவராகனின் முதல் வேலையைத் திறந்து முடித்தாள். செய்தவர் பெயர்? பழக்கத்தில் விரல்கள் அவன் பெயரையே தட்டின.

பணிமூளை ஏற்கவில்லை. அவர் ஓய்வில் இருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றது.