காலிப் போன் பெட்டி

வியாழக்கிழமை, காலை 11.40.

இசிதோரோஸ் சாப்பாட்டு மேசைமேல் இருந்த பெட்டியைத் திறந்தார். சார்ஜர் இருந்தது. பதினாறு மொழிகளில் அச்சடித்த கையேடு இருந்தது. போன் மட்டும் இல்லை.

"ஃப்ரோசோ!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு ஆர்கிரோவின் கையில் இருந்த காபி பாதி தரைக்குப் போனது. மீதியைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். கிரேக்கத்தின் கியோஸ் தீவுத் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருடம் பெட்டி திறந்து பார்த்துப் பழகியவள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் சந்தேகம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

11.43. சாப்பாட்டு அறையில் இசிதோரோஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஃப்ரோசோ மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கேயாவது மறந்து வெச்சிருப்பே," என்றாள் ஆர்கிரோ.

"அக்கா, கீறல் விழுந்துடும்னு பயந்து நானே பெட்டிக்குள்ள வெச்சேன். பத்தே முக்காலுக்கு முன்னாடி. அப்புறம் தொடவே இல்ல. அந்தப் பாழாப்போன கேப்டன் பன்னிரண்டுக்கு மேல கூப்பிடுவான்!"

விஷயம் ஆர்கிரோவுக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும். இசிதோரோஸ் கப்பல் சமையல்காரர். வயது ஐம்பத்தெட்டு. முழு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் நாலே மாதம் கடலில் கழிக்க வேண்டும். அந்த நாலு மாதத்துக்கு ஒரு கப்பலும் வாய்க்காமல் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. போன வாரம் கேப்டன் ஸிடெரிஸ் தகவல் அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் கடலில் இருந்து கூப்பிடுவார். ஒரே ஒரு தடவை. கிடைக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போடுவார். கப்பலில் இருந்து வரும் அந்த அழைப்புக்குத் திரும்பக் கூப்பிட எண் கிடையாது.

பழைய போனில் மறுமுனைக்காரர் பேசுவது இவருக்குக் கேட்கும். இவர் கத்துவது அவருக்குக் கேட்காது. கல்யாணமான ஆணுக்கு அது பழகிய நிலைமைதான், ஆனால் வேலைக்கு ஆகாது. அதனால் புதுப் போன் வாங்கக் கிளம்பினார். மூன்று வாரம் அலைந்தார். முதல் கடையில் மாதம் பன்னிரண்டு யூரோ என்று சுவர் உயரத்துக்கு எழுதியிருந்தது. பன்னிரண்டின் தலையில் ஒரு பொடி நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனால், மூன்று மாதம் கழித்து இருபத்தாறு. இரண்டாவது கடையில் போனே இலவசம். ஆனால் இருபத்து நாலு மாதம் ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். மூன்றாவது கடையில் 'அளவில்லாத பேச்சு'. அளவு ஆயிரத்து ஐநூறு நிமிடம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தவள் ஆர்கிரோ. கடைக்காரப் பெண்ணை அவள் பார்த்த பார்வையில் அந்தப் பெண் தானாகவே கைப்பையைத் திறந்து காட்டியிருப்பாள்.

கடைசியில் ஸ்தமாட்டிஸின் சின்னக் கடையில் பத்து யூரோ பிளான் அகப்பட்டது. கட்டுப்பாடு இல்லை, நட்சத்திரம் இல்லை, பழைய எண்ணே இருக்கும். இன்று காலை பத்து மணிக்கு எண் புது சிம்முக்கு மாறியது. பழைய சிம் செத்தது.

11.45. ஃப்ரோசோ தன் போனை எடுத்து, பின்தெருவில் இருக்கும் நாத்தனார் மார்கெல்லாவிடம் அழுகையும் புலம்பலுமாக நடந்ததைச் சொன்னாள். "போன் போச்சு மார்கெல்லா, எல்லாம் போச்சு!"

11.50. ஆர்கிரோ தன் போனிலிருந்து இசிதோரோஸின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

"பேட்டரி எவ்வளவு இருந்தது?"

"எண்பது. கடையில நீதானே படிச்சே."

"அப்போ யாரோ அணைச்சிருக்காங்க. தொலையல. எடுத்திருக்காங்க."

தொலைந்தது என்று நினைத்த வரைக்கும் தேட ஓர் இடமாவது இருந்தது. எடுத்தார்கள் என்றால் வீட்டுக்கு வந்தவர்களை அல்லவா தேட வேண்டும்?

"பத்தே முக்காலில் இருந்து யார் யார் வந்தாங்க? ஒண்ணுவிடாம சொல்லு ஃப்ரோசோ."

ஃப்ரோசோ விரல் மடக்கினாள். அவள் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், இசிதோரோஸ் குளித்துக்கொண்டிருந்தார், வாசல் எப்போதும்போலத் திறந்தே கிடந்தது. பத்தே முக்காலுக்கு மார்கெல்லா நாலு ஆரஞ்சு கேட்டு வந்தாள். கூடை சாப்பாட்டு அறையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று இவள் கொல்லையிலிருந்தே குரல் கொடுத்தாள். பதினொன்று ஐந்துக்கு ஸ்தமாட்டிஸ் வந்தான், ஒரு கையெழுத்து விட்டுப்போனதென்று. பதினொன்று இருபதுக்கு மார்கெல்லாவின் புருஷன் பொலிதோரோஸ். இசிதோரோஸோடு காபி குடித்துவிட்டுப் போனார்.

பொலிதோரோஸ் பெயரைச் சொன்னதும் ஆர்கிரோ இசிதோரோஸைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் கப்பல் சமையல்காரர். கேப்டன் சொன்ன அந்த 'அடுத்த ஆள்' அவர்தான்.

12.02. ஆர்கிரோ போனில் கூப்பிட்டதும் ஸ்தமாட்டிஸ் கடையைப் பூட்டாமலேயே ஓடி வந்தான்.

"கையெழுத்து எங்கே போட்டாரு?"

"வாசல்லயே. பேப்பரை என் முதுகுல வெச்சுத்தான் போட்டாரு. துண்டு கட்டிட்டு, சொட்டச் சொட்ட."

"உள்ளே வரல?"

"அக்கா, சத்தியமா வரல. பேப்பர் இன்னும் ஈரமா இருக்கு, பாருங்க."

பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

"சரி. இதே எண்ணுல வேற சிம் உடனே போட்டுக் குடு."

"முடியாது அக்கா. இன்னிக்குத்தான் எண் மாறியிருக்கு. நாளைக் காலை வரைக்கும் கம்பெனி கையே வைக்க விடாது."

"இதை எந்தப் பக்கத்துல எழுதியிருந்தீங்க?"

ஸ்தமாட்டிஸ் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தான்.

12.12. ஆர்கிரோ கூப்பிட்டதன்பேரில் பொலிதோரோஸும் வந்தார். ஆஜானுபாகுவான ஆள். நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனை மேசைமேல் குப்புற வைத்தார்.

"பதினொன்று இருபதுக்கு எதுக்கு வந்தீங்க?"

"சும்மா."

"போனைப் பார்த்தீங்களா?"

"பெட்டியைப் பார்த்தேன்."

"திறந்தீங்களா?"

"இல்ல."

"கேப்டன் அடுத்து உங்களுக்குத்தான் கூப்பிடுவாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"கடலுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

இசிதோரோஸ் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா மச்சான்? எடுத்திருந்தா குடுத்துடுய்யா! நாலு மாசம்! உனக்கே தெரியும், இதுக்கு மேல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

பொலிதோரோஸ் பைகளைக் கவிழ்த்துக் காட்டினார். சிகரெட், சாவி, விரலில் உருட்டும் மணிமாலை. வேறொன்றும் இல்லை. வாய் திறக்காத மனிதனை நம்புவதும் கஷ்டம், குற்றம் சொல்வதும் கஷ்டம். ஆர்கிரோவுக்கு எரிச்சலாக வந்தது.

12.25. வாசலில் இலவங்கப்பட்டை வாசனை. துணி மூடிய தட்டோடு மார்கெல்லா உள்ளே வந்தாள். அண்ணன் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, அழாதே. உன் போனுக்காக ஃபனூரியோஸுக்குக் கேக் சுட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். அவர் காட்டிக்குடுப்பாரு. சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிடும், பாரேன்."

அந்த ஊரில் மோதிரம் தொலைந்தாலும், ஆடு தொலைந்தாலும், மகளுக்கு மாப்பிள்ளை அகப்படாவிட்டாலும் பெண்கள் புனித ஃபனூரியோஸ் பேரைச் சொல்லி இந்தக் கேக்கைத்தான் சுடுவார்கள். முட்டை கிடையாது, வெண்ணெய் கிடையாது. எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வால்நட்டும். சுட்டதைப் பாதிரியாரிடம் கொண்டுபோய் ஜெபம் வாசிக்க வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போட வேண்டும். ஃப்ரோசோ சிலுவை போட்டுக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தாள். ஸ்தமாட்டிஸ் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். இசிதோரோஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

ஆர்கிரோ தட்டின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு துண்டை நிதானமாக மென்றாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மார்கெல்லா. எவ்வளவு நேரம் வேகவிட்டே?"

"எப்பவும் போல ஒரு மணி நேரம்தான். அவசரப்பட்டா நடுவுல களியாயிடும்."

"பாதிரியார் வாசிச்சாரா?"

"வர்ற வழியிலதான் வாசிச்சுக் குடுத்தாரு."

"போன் போனது உனக்கு எப்போ தெரியும்?"

"அண்ணி கூப்பிட்டப்போதான்."

"அது பதினொன்று நாற்பத்தஞ்சு. இப்போ பன்னிரண்டு இருபத்தெட்டு." ஆர்கிரோ கையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டினாள். "நாற்பது நிமிஷத்துல மாவு கலக்கி, ஒரு மணி நேரம் வேகவெச்சு, கோயிலுக்கும் போய், ஜில்லுன்னு ஆறவும் வெச்சு எடுத்துட்டு வந்திருக்கே. ஃபனூரியோஸால்கூட அது முடியாதும்மா."

மார்கெல்லா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இந்தக் கேக் பதினோரு மணிக்கே அடுப்புக்குள்ள போயிருக்கணும். அப்போ போன் போனது உங்க அண்ணனுக்கே தெரியாது. எடுத்த ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பத்தே முக்காலுக்கு ஆரஞ்சு கேட்டு வந்தியே, அது எந்தக் கேக்குக்கு? ஆரஞ்சு எடுக்கத் தனியா இந்த அறைக்கு வந்தது நீ ஒருத்திதான். பெட்டியைத் திறந்து, போனை எடுத்து அணைச்சு, ஆரஞ்சோட சேர்த்து மடியில கட்டிட்டுப் போயிட்டே. ரெண்டு மணி தாண்டினதும் ஏதாவது மூலையில வெச்சுட்டு, சாமி காட்டிக்குடுத்ததுன்னு சொல்ல நினைச்சே. நாங்க எல்லாரும் கேக்கைத் தின்னோமே தவிர, மணியைப் பார்க்கல."

ஸ்தமாட்டிஸ் பாதித் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"என் மாவு டப்பாவுல இருக்கு," என்றாள் மார்கெல்லா.

ஃப்ரோசோ செருப்புக்கூடப் போடாமல் பின்தெருவுக்கு ஓடினாள்.

"கூடப் பிறந்தவளாடி நீ?" என்றார் இசிதோரோஸ். "புருஷனுக்கு வேலை வேணும்னு என் வயித்துல அடிச்சியா?"

"வேலைக்காக இல்ல அண்ணே." அவள் புருஷனைப் பார்க்காமல் ஆர்கிரோவைப் பார்த்துப் பேசினாள். "இவரு கப்பல்ல இருக்கிறப்போ தினமும் எனக்குக் கூப்பிடுவாரு அக்கா. ஒரு மணி நேரம் பேசுவாரு. கடல் எப்படி இருந்துச்சு, யாரு சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னான், எல்லாம் சொல்லுவாரு. கரைக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. 'ம்', 'சரி', 'இல்ல'. அவ்வளவுதான். ஒரே மேசையில உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடறோம். இவரு போகணும். போனாத்தான் எனக்குக் கூப்பிடுவாரு."

பொலிதோரோஸின் தாடை அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

12.41. மேசைமேல் குப்புறக் கிடந்த அவருடைய போன் அடித்தது.

அவர் அதைத் திருப்பினார். எண் தெரியவில்லை. கேப்டன் இசிதோரோஸுக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். அது அணைந்து கிடந்தது. இப்போது அடுத்த ஆள். இசிதோரோஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நாலு மாதமும் இன்னொருவர் கையில் அடித்துக்கொண்டிருந்தது.

"கேப்டன், பொலிதோரோஸ் பேசறேன்… ஆமா… இல்ல, எனக்கு வேண்டாம். இசிதோரோஸ் இங்கதான் இருக்கான். அவன் போன்ல கோளாறு, அவன்மேல தப்பில்ல. அவனுக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி. பேசுங்க."

இரண்டு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். போனை மச்சினன் கையில் திணித்தார். இசிதோரோஸ் அதைக் காதில் வைத்தார். "வர்றேன், கேப்டன்" என்ற ஒரு வார்த்தை மட்டும் வந்தது. பிறகு தேதி கேட்டார், துறைமுகம் கேட்டார், கேட்டதையே மறுபடி கேட்டார். ஃப்ரோசோ மாவு படிந்த புதுப் போனோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

பொலிதோரோஸ் தன் போனை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மார்கெல்லா அப்படியே நின்றாள். அவளைத் திட்டுவதா, உட்காரச் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்கிரோ ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். முப்பத்தொரு வருடம் பெட்டிகளைத் திறந்தவளுக்கு, உள்ளே இருப்பது தெரிந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

12.58. மார்கெல்லாவின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். காதில் வைத்தாள். ஆர்கிரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருக்கோடியில், துறைமுகச் சுவரை ஒட்டி, கடலைப் பார்த்தபடி, காதில் போனோடு அந்த ஆஜானுபாகுவான உருவம் நின்றது.

"மார்கெல்லா, நான்தான்," என்றது குரல். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இன்னிக்கு என்ன சமைச்சே?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒண்ணும் சமைக்கல," என்றாள். "வீட்டுக்கு வந்து நீங்க சமைங்க. வர்ற வரைக்கும் போனை வெச்சுடாதீங்க."