12.42க்கு நிழல் இல்லை

1982 ஏப்ரல் 16, வெள்ளி. காலை 7.10.

சிங்கப்பூர், புக்கிட் மேராவில் ஒரு பள்ளி. ஆய்வுக்கூட ஊழியர் மருதப்பனின் மேசை டிராயர் உடைந்து கிடந்தது. உள்ளே இருந்த ஒரே டிஸ்க்கைக் காணவில்லை.

அதில் இருந்தது ‘நிழல் வேட்டை’. கணினித் திரையில் ஒரு கம்பு, ஒரு சூரியன், ஒரு கடிகாரம். நேரத்தைச் சொல்லும், நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் புள்ளி வைக்க வேண்டும். கணினியை ஊழியர்கள் தொடக்கூடாது என்பது பள்ளி விதி. எல்லோரும் வீட்டுக்குப் போனபின் திருட்டுத்தனமாக உட்கார்ந்து எழுதினார் மனிதர். பாடத்துக்கு விளையாட்டுகள் செய்யும் வேலைக்கு அன்று மூன்று மணிக்கு நேர்முகத் தேர்வு. டிஸ்க்கோடு வரச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை சோதனைக்குழாய் கழுவ வேண்டியதுதான்.

10.30. இன்ஸ்பெக்டர் சந்திரமதி வந்தார். எல்லோர் பையையும் சோதித்ததில், இயற்பியல் ஆசிரியர் பெர்னார்டின் பையில் ஒரு டிஸ்க் இருந்தது. போட்டுப் பார்த்தால் அதே விளையாட்டு. முகப்பில் பெர்னார்ட் பெயர்.

“என்னோடதுதான் மேடம். இவன் ஓ லெவல் பரீட்சையிலயே ஃபெயில் லா. புரோகிராம் எங்க எழுதப் போறான்?”

“நீங்க எப்ப எழுதுனீங்க?”

“இந்த வருஷம். டிசம்பர்லதான் லண்டன்ல கோர்ஸ் முடிச்சு வந்தேன். மார்ச் 23 சூரியன் உச்சிக்கு வர்ற நாள். திடல்ல கம்பு நட்டு, நானே வாட்ச் பார்த்து அளந்தேன். அதே நம்பர்தான் உள்ள இருக்கு.”

“மருதப்பன், நீங்க?”

“போன வருஷம் அதே நாள் அளந்தேன் மேடம். சாப்பாட்டு நேரத்துல.”

“யாராச்சும் பார்த்தாங்களா?”

“இல்ல. எழுதி முடிச்சு, போன வாரம் சார்கிட்ட மட்டும் காமிச்சேன். நல்லா இருக்கான்னு கேட்டேன்.”

சந்திரமதி உட்கார்ந்து விளையாடினார். இரண்டு முறை தோற்றார். பிறகு நேரத்தை மெல்ல நகர்த்தினார். 12.42க்குக் கம்பின் நிழல் முழுதாக மறைந்தது.

11.20.

“சார், அளந்தப்ப உங்க வாட்ச் சரியா இருந்துச்சா?”

“ரேடியோ பார்த்து வச்சது. ஒரு செகண்ட் தப்பாது.”

“அப்ப நீங்க அளக்கல. ஜனவரி ஒண்ணாம் தேதி சிங்கப்பூரே கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சுது. சூரியன் தள்ளி வைக்கல. ரோட்டுல நின்னு டிராஃபிக் பார்த்தவ நான். இப்பல்லாம் நிழல் காலடிக்கு வர ஒரு மணி தாண்டுது. இந்த மார்ச்ல அளந்திருந்தா 1.12 இருக்கணும். இது போன வருஷத்துச் சூரியன். அப்ப நீங்க லண்டன்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவருக்கு அரை மணி நேரம் மறந்துபோயிருந்தது. டிராயரை உடைத்ததை பெர்னார்ட் ஒப்புக்கொண்டார்.

மருதப்பன் சந்தோஷமாகக் கையை நீட்டினார். சந்திரமதி டிஸ்க்கைக் கொடுக்கவில்லை.

“இது இப்ப எவிடன்ஸ். கேஸ் முடியுற வரைக்கும் ஸ்டேஷன்ல இருக்கணும்.”

“மூணு மணிக்கு இன்டர்வியூ மேடம்.”

“தெரியும்.” அவருக்கே வெட்கமாக இருந்தது. “திருட்டே நடக்கலன்னு எழுதிக் கொடுத்தா இப்பவே தந்துடுவேன். வேற வழி இல்ல.”

12.05. மருதப்பன் எழுதினார்: ‘சாவியைத் தொலைத்துவிட்டு டிராயரை நானே உடைத்தேன். டிஸ்க்கை யாரும் எடுக்கவில்லை.’ கையெழுத்துப் போட்டு டிஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

பெர்னார்ட் அந்தத் தாளை வாங்கி நிதானமாக ஒரு முறை படித்துப் பார்த்தார்.

“இனிமேலாவது சாமானைப் பத்திரமா வச்சுக்க, மருதப்பா.”