முதல் ஊசி

ஊசிக்குள் ரத்தம் ஏறியது.

மஞ்சள் நீர் வரவேண்டிய ஊசியில்... சிவப்பு.

"சார்..." என்றாள் பயிற்சி டாக்டர்.

மேஜை மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்த நோயாளி அப்படியே சரிந்தார். பஸ் டிரைவர். நெஞ்சில் நீர் கோத்து வந்தவர்.

நெஞ்சை அழுத்தினார்கள். மருந்து ஏற்றினார்கள்.

டிரைவர் கண் திறக்கவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டே?" என்றார் பெரிய டாக்டர், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

அவளுக்கு அதுதான் முதல் ஊசி. எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். 'பொம்மை முதுகுல குத்திப் பழகு' என்று தட்டிக்கழித்தவர், இன்று அவராகவே கூப்பிட்டிருந்தார். குத்த வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி துணி விரித்து, எல்லாம் தயாராக இருந்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"விலா எலும்புக்கு மேல் விளிம்புல குத்துன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்," என்றார் பெரிய டாக்டர். "கீழ குத்தி ரத்தக்குழாயைக் கிழிச்சுட்டா."

"மேலதான் சார் குத்தினேன்."

"கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. மேல எது, கீழ எதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. போஸ்ட்மார்ட்டம் டாக்டர்.

கேட்டுவிட்டு வைத்தார்.

"எத்தனை தடவை குத்தினீங்கம்மா?"

"ஒரே தடவை."

"முதுகுல ரெண்டு ஓட்டை இருக்காம். ஒண்ணு எலும்புக்கு மேல, சரியான இடத்துல. இன்னொண்ணு கீழ. கிழிச்சது அதுதான்."

"ரெண்டும் இவதான்..." பெரிய டாக்டர் முந்திக்கொண்டார்.

"இல்லைங்க."

வாசலில் டிரைவரின் மனைவி. அழுது வீங்கிய முகம்.

"பெரிய டாக்டர்தான் முதல்ல குத்தினாரு. வீட்டுக்காரரு தலை சுத்துதுன்னாரு. டாக்டருக்கு வேர்த்துப்போச்சு. ஊசியை உருவிட்டு, என்னை வெளிய அனுப்பிட்டு, இந்தப் பொண்ணைக் கூப்பிட்டாரு. காப்பாத்த வர்ற பொண்ணுன்னுதான் நெனச்சேன்..."

பயிற்சி டாக்டர் மெல்லத் திரும்பினாள்.

"கத்துக்கொடுக்கக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன் சார். உள்ள ரத்தம் கசியுதுன்னு அப்பவே சொல்லியிருந்தா... அவர் பொழைச்சிருப்பாரு."

"உன் பரீட்சை என் கையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இப்போதைக்கு உங்க கை என் கையில இருக்கு சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நடங்க."

ஜீப் கிளம்பியது. டிரைவரின் மனைவி அங்கேயே நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயிற்சி டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வார்டுக்குப் புதிய பெரிய டாக்டர் வந்தார். நல்ல மனிதர். சிரித்த முகம்.

"அந்த ஓரக் கட்டில்காரருக்கு நெஞ்சுல தண்ணி. வாம்மா, நீயே எடு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எடுக்கிறேன் சார். நீங்க ஏற்கெனவே குத்திட்டீங்களா?"